பழைய போலீஸ் தொடரா, மீட்புக் குழுத் தொடரா: எதிலிருந்து தொடங்குவது?

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய போலீஸ் தொடர்களையும் மீட்புக் குழுத் தொடர்களையும் மறுபடி எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் சிக்கல் நேரம்தான். 'ஆடம்-12' மட்டுமே 174 எபிசோடு. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' 146. 'தேர்ட் வாட்ச்' 132. 'டிராக்நெட்' தொடரின் வண்ணப் பதிப்பு 98. மீட்புக் குழுத் தொடரான 'எமர்ஜென்சி!' ஆறு சீசன் ஓடியது, அதற்கப்புறம் தனிப் படங்கள் வேறு. ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் முடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகும். அதனால் எதை முதலில் எடுப்பது, எதில் நாலைந்து எபிசோடு போதும், எதைக் கடைசிவரை பார்ப்பது என்று தீர்மானித்துவிட்டு உட்காருவது நல்லது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் 'எமர்ஜென்சி!', அடுத்து 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்'. நேரம் குறைவாக இருக்கும் நாட்களில் 'ஆடம்-12'. 'டிராக்நெட்' நாலு எபிசோடு போதும். 'தேர்ட் வாட்ச்' கடைசியில்.

இந்த வரிசைக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கவனமாகக் காட்டிய தொடர்கள் ஐம்பது வருஷம் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஒரு துறையின் நல்ல பெயரைக் காப்பாற்ற எடுக்கப்பட்டவை, அந்தத் துறையின் பெயர் கெட்டபோது தாமும் சேர்ந்து மங்கிப்போயின. மீட்புக் குழுத் தொடர் போலீஸ் தொடரைவிட நன்றாக நிலைத்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

டிராக்நெட்: எல்லாவற்றுக்கும் ஆரம்பம்

1949இல் வானொலியில் தொடங்கி, 1951 கடைசியில் தொலைக்காட்சிக்கு வந்தது 'டிராக்நெட்'. உருவாக்கியவரும் நடித்தவரும் இயக்கியவரும் ஜாக் வெப் என்ற ஒரே ஆள். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் சார்ஜன்ட் ஜோ ஃப்ரைடே, பேட்ஜ் எண் 714. முதல் ஓட்டம் 1959இல் முடிந்தது. 1967 ஜனவரியில் வண்ணத்தில் மறுபடி வந்து 1970 வரை ஓடியது. இன்று பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது இந்த இரண்டாவது பதிப்புதான். இதில் ஃப்ரைடேயின் கூட்டாளி கேனனாக வருபவர் ஹாரி மார்கன்.

இதைப் புதிதாகப் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைப்பது பேச்சு. யாரும் குரலை உயர்த்துவதில்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில். கேமரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்யாமல் டெலிப்ராம்ப்டரைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது வெப்பின் ஏற்பாடு. நடிப்பே இல்லாதது போன்ற அந்தத் தட்டையான தொனி அங்கிருந்துதான் வந்தது. முடிவில் குற்றவாளி சுவரோரம் நிற்பார், கோர்ட்டு கொடுத்த தண்டனையை ஒரு குரல் வாசிக்கும். பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டிருக்கின்றன, கதை உண்மை என்று தொடக்கத்திலேயே உறுதி சொல்லிவிடுவார்கள்.

வழக்குகள் போலீஸ் கோப்புகளிலிருந்து வந்தன. அதற்குப் பதிலாக ஸ்கிரிப்ட் போலீஸ் துறையின் ஒப்புதலுக்குப் போனது. 1950 முதல் 1966 வரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் தலைவராக இருந்த வில்லியம் பார்க்கரின் காலம் அது. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஆறு நாள் கலவரம் நடந்து 34 பேர் செத்தார்கள். கறுப்பின மக்களுக்கும் அந்தப் போலீஸுக்கும் நடுவில் பல வருஷமாகச் சேர்ந்த கசப்பு அங்கே வெடித்தது. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, ஃப்ரைடே வண்ணத்தில் திரும்பி வருகிறார். அந்த வரவின் முதல் எபிசோடு எல்எஸ்டி போதைப்பொருளைப் பற்றியது. முகத்தில் பாதி நீலம் பூசிய ஓர் இளைஞன் தரையில் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் காட்சியில் தொடங்கும். இளைஞர்களையும் ஹிப்பிகளையும் உட்கார வைத்து ஃப்ரைடே நீளமாக உபதேசம் செய்யும் எபிசோடுகள் அதற்கப்புறம் நிறைய. அவற்றை இன்று பொறுமையாகப் பார்ப்பது கஷ்டம்.

ஆனாலும் முழுசாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஒரு வழக்கு என்றால் தொண்ணூறு சதவீதம் விசாரிப்பதும் எழுதுவதும் அலைவதும்தான் என்பதைத் திரையில் முதலில் ஆழமாக நிறுத்தியது இந்தத் தொடர். வெப் 1982 டிசம்பரில் இறந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 714 என்ற பேட்ஜ் எண்ணுக்கே ஓய்வு கொடுத்தது. ஒரு நிஜத் துறை ஒரு கற்பனை அதிகாரிக்குச் செய்த மரியாதை அது. அந்தத் தொடருக்கும் அந்தத் துறைக்கும் இருந்த நெருக்கத்தைப் புரிந்துகொள்ள அதுவே போதும்.

ஆடம்-12: இருபத்தைந்து நிமிட ரோந்து

வெப்பும் ராபர்ட் சினடரும் சேர்ந்து உருவாக்கிய 'ஆடம்-12' 1968 செப்டம்பரில் தொடங்கி 1975 மே மாதம் வரை ஓடியது. துப்பறிவாளர்களை விட்டுவிட்டு, சீருடை போட்ட ரோந்துக் காவலர்கள் இருவரோடு வண்டியில் ஏறிக்கொண்டது. அனுபவசாலி பீட் மல்லாயாக மார்ட்டின் மில்னர், புதுசாகச் சேர்ந்த ஜிம் ரீடாக கென்ட் மெக்கார்ட்.

முதல் எபிசோடில் மல்லாய் வேலையை விடப்போகிற மனநிலையில் இருக்கிறார். அவருடைய கூட்டாளி கொல்லப்பட்டிருக்கிறார், அன்று அவருக்குக் கடைசி ராத்திரி. அந்த ராத்திரிக்குத்தான் ரீடைப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கிறார்கள். கிளம்பும் முன் மல்லாய் அந்தக் கறுப்பு வெள்ளை வண்டியைப் பற்றிப் புதுப் பையனுக்கு ஒரு பாடம் எடுப்பார். எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு வேகம் போகும், சைரனில் எத்தனை விதமான சத்தம், ஷாட்கன் எங்கே இருக்கிறது என்று ஒரே மூச்சில் அடுக்குவார். பார்த்தால் வெறும் விவரம். ஆனால் கூட்டாளியைப் பறிகொடுத்த ஒருவர், இந்தப் பையனாவது உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று படும் கவலை அந்த விவரங்களுக்குள் இருக்கிறது. மொத்தத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு எபிசோடும் ஒரு ஷிஃப்டின் துண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை, திருட்டு, காணாமல் போன குழந்தை, பூட்டை உடைத்த பையன்கள். சில அழைப்புகளுக்கு முடிவே கிடையாது, அடுத்த அழைப்பு வந்துவிடும். வயர்லெஸ்ஸில் கேட்கும் பெண் குரல் ஷாரன் கிளாரிட்ஜ் என்ற நிஜப் போலீஸ் கட்டுப்பாட்டு அறை ஊழியருடையது. நடிகையால் கொண்டுவர முடியாத ஒரு சலிப்பும் வேகமும் அந்தக் குரலில் இருக்கும். வண்டியின் பெயரிலும் அர்த்தம் உண்டு: 'ஒன்' என்பது சென்ட்ரல் டிவிஷன், 'ஆடம்' என்றால் இரண்டு பேர் போகும் ரோந்து வண்டி, 12 அவர்கள் சுற்றும் பகுதி.

இதன் பலம் அளவு. ஓர் எபிசோடு இருபத்தைந்து நிமிடம் சொச்சம். சாப்பிட்டுக்கொண்டே ஒன்று பார்த்து முடிக்கலாம், வரிசை தவறினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பலவீனம் 'டிராக்நெட்'டுக்கு இருந்ததேதான். மல்லாயும் ரீடும் தவறே செய்ய மாட்டார்கள். தவறு செய்த காவலர் யாராவது வந்தால் அவர் விதிவிலக்காக மட்டுமே வருவார், எபிசோடு முடிவதற்குள் துறை அவரைத் திருத்திவிடும் அல்லது வெளியே அனுப்பிவிடும். அதே ஊரில் அதே வருஷங்களில் தெருவில் நின்ற மக்கள் போலீஸை எப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த வண்டியின் கண்ணாடி வழியாகத் தெரியவே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு, ஒரு நகரத்தின் தெருக்கள், வாகனங்கள், கடைப்பெயர்ப் பலகைகள், வேலை பழக்கங்கள் எல்லாம் சேர்ந்த அருமையான ஆவணம் இது.

எமர்ஜென்சி!: ஏன் முதலிடம்

இந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது அடிபட்டவரைப் படுக்க வைத்து வேகமாக ஓட்டும் வண்டி, அவ்வளவுதான். 1966இல் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965இல் மட்டும் விபத்துகளில் 5 கோடியே 20 லட்சம் பேர் காயமடைந்தார்கள், 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்றது அது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு செய்யும் நிறுவனத்தார் என்பதும் அதில் இருந்தது. படுத்தபடி ஆளைக் கொண்டுபோக வசதியான வண்டி அவர்களிடம்தானே இருந்தது. பிணம் ஏற்றும் வண்டியே காயம்பட்டவரையும் ஏற்றியது. வழியில் வைத்தியம் பார்க்க உள்ளே யாரும் கிடையாது.

மாற்றம் பல ஊர்களில் தனித்தனியாகத் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் ஃப்ராங்க் பேன்ட்ரிட்ஜ் 1966இலேயே இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். பிட்ஸ்பர்கில் 1967இல் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சேவை தோன்றியது. வேலை கிடைக்காமல் இருந்த அந்தப் பகுதி ஆட்களுக்கு மருத்துவர் பீட்டர் சேஃபர் உயர்தரப் பயிற்சி கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1969இல் ஹார்பர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மருத்துவர் மைக்கேல் கிரைலி தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். சட்டப்படி அவர்கள் ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ கூடாது, அதனால் ஒரு நர்ஸ் கூடவே போக வேண்டியிருந்தது. அதை மாற்றிய வெட்வொர்த்-டவுன்சென்ட் சட்டத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் 1970இல் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டம்தான், வெப்பும் சினடரும் கொண்டுவந்த 'எமர்ஜென்சி!'யைத் தொடங்கி வைத்த முதல் படத்துக்குக் கதை. 1972 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. மின்சாரம் தாக்கிய ஒரு தொழிலாளியை ஜான் கேஜ் என்ற இளம் தீயணைப்பு வீரர் கீழே இறக்கிக் கொண்டுவருகிறார், அந்த மனிதர் செத்துப்போகிறார். இறக்கத் தெரிந்தது, காப்பாற்றக் கையில் ஒன்றுமில்லை. அங்கிருந்து கேஜ், சம்பவ இடத்திலேயே சிகிச்சை கொடுக்கும் பாராமெடிக் ஆவதற்கான பயிற்சிக்குப் போகிறார். மருத்துவர் பிராக்கெட்டுக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கையில்லை. மருத்துவம் படிக்காதவர் கையில் ஊசியைக் கொடுப்பதா என்பது அவருடைய கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. அவர் எப்படி மனம் மாறி அந்தச் சட்டத்துக்காகவே பேசப் போகிறார் என்பது படத்தின் முதுகெலும்பு. ஒரு சட்டம் நிறைவேறுமா என்பதை வைத்து இவ்வளவு பதற்றம் உண்டாக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கேஜாக ராண்டால்ஃப் மான்டூத், அவருடைய கூட்டாளி ராய் டிசோட்டோவாக கெவின் டைக். இருவரும் நிஜப் பாராமெடிக் வகுப்பில் உட்கார்ந்து கற்றவர்கள். வண்டி ஓட்டும் மைக் ஸ்டோக்கர் நிஜத் தீயணைப்பு வீரர், தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார். ஸ்டேஷனில் கேட்கும் அழைப்புக் குரல் சாம் லேனியர், அவரும் நிஜக் கட்டுப்பாட்டு அறை ஊழியர். மீட்புச் சம்பவங்கள் தீயணைப்பு நிலையங்களின் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் பேஜ் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தீயணைப்புத் துறையில் அதிகாரி.

சாதாரணமாக ஓர் அழைப்பு எப்படி நடக்கும் என்று பாருங்கள். நெஞ்சுவலியில் ஒருவர் சாய்ந்திருக்கிறார். ஸ்குவாட் 51 வந்து நிற்கிறது. இருவரும் வண்டியின் பக்கக் கதவுகளைத் திறந்து பெட்டிகளை இறக்குகிறார்கள்: மருந்துப் பெட்டி, ஆக்சிஜன், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, அப்புறம் பயோஃபோன் என்ற ஆரஞ்சுப் பெட்டி. ஒருவர் நாடி பிடித்துக்கொண்டே ரத்த அழுத்தம் பார்க்க, மற்றவர் பெட்டியைத் திறந்து ஆன்டெனாவைப் பொருத்தி ராம்பார்ட் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுகிறார். அங்கே கண்ணாடித் தடுப்புக்குள் பிராக்கெட்டோ நர்ஸ் டிக்ஸி மெக்காலோ பேனாவை எடுக்கிறார்கள். வயது, நாடி, அழுத்தம், மூச்சு. ஈசிஜி ரேடியோ வழியாகப் போய் அங்கே காகிதத்தில் கோடாக வருகிறது. பிராக்கெட் அதை விரலில் ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்கிறார். கேஜ் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்கிறார். அவசரத்தில் கேட்டது தவறாகிவிடக் கூடாது என்பதற்கான நிஜ நடைமுறை அது. இசை அடங்கிப்போகும். கதாநாயகன் எட்டிக் குதிப்பதைவிட இந்தத் திருப்பிச் சொல்லுதலில் எனக்கு நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்ளும்.

இந்தத் தொடர் வரும்போது பாராமெடிக் என்ற ஆட்கள் அமெரிக்காவில் வெகு சில ஊர்களில்தான் இருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரிகளில் இதைப் பார்த்த மக்கள், நம் ஊரில் ஏன் இது இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். பார்த்துவிட்டு இந்த வேலைக்கே போன இளைஞர்கள் ஏராளம். தொடரில் பயன்படுத்திய ஹெல்மெட், பயோஃபோன் போன்றவை பின்னால் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஸ்டேஷன் 51ஆகப் படமெடுக்கப்பட்ட கார்சன் நகரத்துத் தீயணைப்பு நிலையம் இன்று சினடரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் ஊரில் 108ஐக் கூப்பிட்டால் வண்டிக்குள் சிகிச்சை கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பது நமக்கு இப்போது பழகிவிட்டது. அது ஒரு விசித்திரமான புது யோசனையாக இருந்த காலத்தை இந்தத் தொடரில் கண்ணெதிரே பார்க்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் கறுப்பின இளைஞர்கள் முன்னோடிகளாக இருந்ததன் சுவடு இதில் இல்லை. ஃப்ரீடம் ஹவுஸை 1975இல் நகர நிர்வாகம் எடுத்துக்கொண்டு அந்த ஆட்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளியபோது, அமெரிக்கா முழுவதும் பாராமெடிக் என்றால் கேஜும் டிசோட்டோவும்தான் என்றாகியிருந்தது. இதற்குத் தொடரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, மருத்துவம் பழையது. அன்று வழக்கமாகக் கொடுத்த சில மருந்துகளை இன்று மாரடைப்பில் கொடுப்பதில்லை. இதைப் பார்த்து முதலுதவி கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஸ்டேஷனில் செட் கெல்லி, கேஜின் தலையில் தண்ணீர் கொட்ட வைக்கும் குறும்புகள் முதல் இரண்டு சீசனில் சிரிக்க வைக்கும், அப்புறம் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் மனிதர்கள் சலிப்பதில்லை. டிக்ஸியாக நடித்த ஜூலி லண்டன் வெப்பின் முன்னாள் மனைவி, மருத்துவர் எர்லியாக நடித்த பாபி ட்ரூப் அவருடைய அப்போதைய கணவர். மூவரும் ஒரே தயாரிப்பில் சிநேகமாக வேலை பார்த்தார்கள். அந்தப் பக்குவம் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்: போலீஸ் நிலையத்தின் உள்பக்கம்

'எமர்ஜென்சி!' தொடங்கிச் சரியாக ஒன்பது வருஷம் கழித்து, 1981 ஜனவரி 15 அன்று, அதே என்பிசி சேனலில் வந்தது 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்'. ஸ்டீவன் போச்கோவும் மைக்கேல் கோசலும் உருவாக்கியது. ஊருக்குப் பெயர் கிடையாது. போச்கோ பிட்ஸ்பர்கில் படித்தவர், ஃப்ரீடம் ஹவுஸ் பிறந்த அதே ஹில் டிஸ்ட்ரிக்டின் சாயல் இந்தப் பெயரில் இருப்பதாகச் சொல்வார்கள்.

வெப்பின் தொடர்களைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் முதல் ஐந்து நிமிடம் தலை சுற்றும். காலை ரோல் கால். சார்ஜன்ட் எஸ்டர்ஹாஸ் அன்றைய வேலைகளைப் படிக்கிறார், பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள், கேமரா கையில் ஆடிக்கொண்டே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கடைசியில் எல்லோரையும் பார்த்து, வெளியே கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பாத்திரத்தில் நடித்த மைக்கேல் கான்ராட் 1983 நவம்பரில் இறந்துபோனார். அவர் இல்லாத ரோல் காலுக்குப் பழக எனக்கு நாள் பிடித்தது.

முதல் எபிசோடிலேயே இந்தத் தொடர் எந்த வழியில் போகப்போகிறது என்பது தெரிந்துவிடும். ஹில், ரென்கோ என்ற இரண்டு ரோந்துக் காவலர்கள் ஒரு வீட்டுச் சண்டைக்குப் போகிறார்கள். பொறுமையாகப் பேசிச் சமாதானம் செய்துவிட்டு நல்ல வேலை செய்த திருப்தியோடு கீழே வந்தால் அவர்களுடைய வண்டியைக் காணோம், திருட்டுப் போய்விட்டது. போன் தேடி ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். உள்ளே போதையில் இருந்தவர்கள் இருவரையும் சுட்டுவிடுகிறார்கள். 'ஆடம்-12'இல் இந்த வீட்டுச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும், மல்லாயும் ரீடும் வண்டி ஏறிப் போயிருப்பார்கள். இங்கே நல்ல வேலைக்குப் பலன் என்று எதுவும் உத்தரவாதம் இல்லை. ரென்கோ சாவதாகத்தான் முதலில் திட்டம். சார்லஸ் ஹெய்டின் நடிப்பு பிடித்துப்போய் அவரை உயிரோடு வைத்துக்கொண்டார்கள்.

அதே எபிசோடில் நாள் முழுக்க வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு வக்கீல் (பப்ளிக் டிஃபெண்டர்) ஜாய்ஸ் டேவன்போர்ட் கேப்டன் ஃபுரில்லோவோடு ஸ்டேஷனில் வைத்து மல்லுக்கு நிற்பார். தன் கட்சிக்காரரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். போலீஸ் செய்வதற்குத் தினமும் ஸ்டேஷனுக்குள் வந்து கேள்வி கேட்கும் ஒரு பாத்திரம், அவளும் புத்திசாலி, அவள் சொல்வதும் பல நேரம் சரி. வெப்பின் உலகத்தில் இப்படி ஒருவருக்கு இடமே இருந்ததில்லை. ராத்திரி இருவரும் ஒரே வீட்டில் இருப்பது தெரியவரும்போது பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

முதல் சீசனில் பார்வையாளர் எண்ணிக்கை படுமோசம். ஆனாலும் சேனல் கைவிடவில்லை, அந்த வருஷமே எட்டு எம்மி விருதுகள் வந்தன. ஒரு தொடரின் கதைகள் பல வாரங்களுக்கு இழுத்துக்கொண்டு போகலாம், ஒரே எபிசோடில் நான்கைந்து இழைகள் பின்னலாம் என்று இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் எல்லாம் இதன் வழியாகத்தான் பெருவழக்காகின. முதல் மூன்று சீசன் கட்டாயம் பார்க்க வேண்டும். போச்கோ 1985இல் வெளியேற்றப்பட்ட பிறகு வந்த கடைசி இரண்டு சீசனில் டென்னிஸ் ஃப்ரான்ஸின் பன்ட்ஸ் பாத்திரத்துக்காக மட்டும் உட்காரலாம். தெருக் கும்பல்களின் தலைவர்களைச் சில எபிசோடுகளில் கேலிப் பொம்மைகளாக்கியது இன்று உறுத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸ் தொடர்கள் மூடி வைத்த கேள்விகளைத் திறந்து வைத்த தொடரே சில மனிதர்களை முழுசாகப் பார்க்கவில்லை.

இதைப் போலீஸ் தொடர்களில் முதலிடத்திலும் மொத்த வரிசையில் இரண்டாமிடத்திலும் வைப்பதற்குக் காரணம் நேரமும் மனநிலையும்தான். இது கவனம் கேட்கும் தொடர். வேலை முடிந்து களைத்து வந்த ராத்திரிக்கு ஏற்றது கிடையாது. வரிசை தவறவும் கூடாது.

தேர்ட் வாட்ச்: மூன்று துறையும் ஒரே மூலையில்

1999 முதல் 2005 வரை ஓடிய 'தேர்ட் வாட்ச்' மற்றவற்றுக்கு இளையது. போலீஸ், பாராமெடிக், தீயணைப்பு வீரர்கள் மூன்று பேரையும் நியூயார்க்கில் ஒரே தெருமுனையில் வைத்தது. கிங், ஆர்தர் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடம் என்பதால், ஆர்தர் மன்னர் கதையில் வரும் கோட்டையின் பெயரான கேமலாட் அதற்குச் செல்லப் பெயர். ஜான் வெல்ஸோடு சேர்ந்து உருவாக்கிய எட்வர்ட் ஆலன் பர்னெரோ சிகாகோவில் போலீஸாக இருந்தவர். மாலை மூன்று மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரையிலான ஷிஃப்ட்.

கதையம்சம் சில இடங்களில் மெகா சீரியல் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இந்தத் தொடர் செய்த ஒரு காரியத்துக்காக இதற்கு என் மதிப்பு உண்டு. அக்டோபர் 15 அன்று கதையை நிறுத்திவிட்டு, அந்த நாளில் அங்கே இருந்த நிஜப் போலீஸாரையும் தீயணைப்பு வீரர்களையும் பாராமெடிக்குகளையும் கேமரா முன் பேச வைத்தது. அந்த எபிசோடுக்குப் பீபடி விருது கிடைத்தது. அதை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

கலிஃபோர்னியா நெடுஞ்சாலை மோட்டார்சைக்கிள் போலீஸைப் பற்றிய 'சிப்ஸ்' தொடரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஜாலியான தொடர், வெயிலும் வண்டியும் நன்றாக இருக்கும். சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இரண்டு எபிசோடு போதும்.

யாருக்கு எது

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டுமானால் 'எமர்ஜென்சி!'தான், யோசிக்கவே வேண்டாம். ரத்தம் குறைவு, துப்பாக்கி அரிது, அடுத்தவரைக் காப்பாற்றுவது எப்படி நடக்கிறது என்பது ஒவ்வொரு வாரமும் தெளிவாக இருக்கும். முதல் படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த எபிசோடையும் எந்த வரிசையிலும் எடுக்கலாம். முதல் மூன்று சீசன் பார்த்த பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' முதல் சீசனை ஒருமுறை கதைக்காகவும், இன்னொருமுறை பேனா பேப்பரோடும் பார்க்கட்டும். அதற்கு முந்தின வாரம் 'டிராக்நெட்' இரண்டு எபிசோடு பார்த்திருந்தால் போச்கோ எதை உடைத்தார் என்பது தெளிவாகத் தெரியும்.

'ஆடம்-12'ம் 'எமர்ஜென்சி!'யும் ஒரே உலகம் என்பதால் இரண்டையும் கலந்து பார்ப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. 'எமர்ஜென்சி!'யின் முதல் படத்தில் மல்லாயும் ரீடும் வந்து போவார்கள், டிக்ஸியும் பிராக்கெட்டும் 'ஆடம்-12'க்குப் போவார்கள். பின்னால் ஓர் எபிசோடில் கேஜ் ஸ்டேஷன் தொலைக்காட்சியில் 'ஆடம்-12' பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்துவிடும், கதை எப்படி முடிந்தது என்று தெரியாமல் எபிசோடு முழுக்கத் தவிப்பார்.

கடைசியாக மொழி. 'எமர்ஜென்சி!'யில் மருத்துவச் சொற்கள் வேகமாக வரும், ஆனால் ஒரே சொற்கள் திரும்ப வருவதால் நாலு எபிசோடில் பழகிவிடும். 'ஆடம்-12'இன் வயர்லெஸ் பேச்சுக்கும், ஒருவர் மேல் ஒருவர் பேசும் 'ஹில் ஸ்ட்ரீட்'டுக்கும் சப்டைட்டில் இல்லாமல் உட்கார வேண்டாம். பழைய தொடர்களின் உரிமம் ஓடிடி தளங்களில் அடிக்கடி கைமாறுகிறது, அதனால் பிடித்துப்போன தொடருக்கு டிவிடி தொகுப்பு கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது 'எமர்ஜென்சி!'யின் முதல் படம் அந்தத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.